மும்பைத் தமிழ்ப் புனைகதையும் 'மதராசி' என்னும் பெயரும்: பாண்டுப்பை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

பாண்டுப், மும்பை மத்திய இரயில் தடத்தில் ஆலைகளைச் சார்ந்து வளர்ந்த புறநகர். அங்கு வாழும் தமிழரும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழரும் தொழிலாலும் சாதியாலும் வசதியாலும் ஒருதன்மையர் அல்லர். ஆயினும் புறத்தார் நாவில் அனைவர்க்கும் பெயர் ஒன்றே: 'மதராசி'. இப்பெயர் இன ஒதுக்கலுக்குக் கருவியானமையையும் திறனாய்வு அதனை எதிர்கொள்ளும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பட்டியலும் முழக்கமும்

1960இல் தொடங்கப்பெற்ற 'மார்மிக்' என்னும் மராத்தி வார இதழ், நிறுவனங்களின் உயர்பதவிகளில் இருந்த தென்னிந்தியரின் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. 1966 சூன் 19இல் சிவசேனை தோன்றியது. லுங்கியை இழித்துரைக்கும் முழக்கம் தெருவுக்கு வந்தது. பட்டியல் சுட்டியது அலுவலகப் பதவியினரை. கல்லெறிக்கு இலக்கானவையோ தென்னிந்திய உணவகங்கள். மராத்திய இளைஞரின் வேலையின்மை மெய்யான குறையே. அக்குறைக்குக் காரணமாக ஓர் இனத்தின் பெயர் காட்டப்பட்டதே பிழை. தனிமனித வெறுப்பினும் பட்டியல் வலிது. வெறுப்பற்றவரும் அதனைப் படித்தபின் அயலாரின் பெயர்களை எண்ணத் தலைப்படுவர். 1965ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை நிறத்தோடு பிறப்புவழியையும் இனமூலத்தையும் இனப் பாகுபாட்டின் அடிப்படைகளாகக் கொண்டமை ஈண்டு நோக்கத்தக்கது.

புனைகதை காட்டும் மறுபக்கம்

நாஞ்சில் நாடனின் 'மிதவை' (1986) வேலை தேடி மும்பை செல்லும் படித்த இளைஞனின் கதை. அவரது 'எட்டுத் திக்கும் மதயானை' (1998) நாவலின் பூலிங்கமோ, சொந்த ஊரில் நேர்ந்த அவமதிப்பால் வெளியேறியவன். மும்பை அவனை 'மதராசி' ஆக்குமுன்பே ஊர் அவனைச் சிறுமைப்படுத்திவிட்டது. புலம்பெயர்ந்தோர் இலக்கியத்தை 'தமிழர் பட்ட துயர்' என்று மட்டும் வாசிக்கும் திறனாய்வு இவ்விரண்டாம் உண்மையைத் தவறவிடுகிறது. அவ்வாசிப்பும் 'மதராசி' என்னும் சொல்லைப் போலவே வேறுபாடுகளை அழித்து, அனைவரையும் ஒரே பெயருக்குள் அடக்குகிறது எனலாம்.

முடிவுரை

இனப் பாகுபாடு குறித்த பயனுள்ள உரையாடல் 'வெறுத்தவர் யார்?' என்னும் வினாவோடு நின்றுவிடலாகாது. எச்சொல், எப்பட்டியல், எவ்வேலைவாய்ப்பு முறை அவ்வெறுப்பை இயல்பாக்கியது என வினவுதல் வேண்டும். இன்று தமிழகக் கட்டுமானத் தளங்களிலும் உணவகங்களிலும் உழைக்கும் பீகாரியரும் ஒடியரும் 'வடக்கன்' என்னும் ஒற்றைச் சொல்லால் சுட்டப்படுகின்றனர். பாண்டுப்பில் 'மதராசி' எனக் கேட்டு வருந்திய மொழியே இச்சொல்லையும் வழங்குகிறது. மும்பைத் தமிழிலக்கியத்தை வாசிப்போர் அதனைத் தம் துயரின் சான்றாகக் கொள்வதோடு தம் சொல்லைத் திருத்தும் அளவுகோலாகவும் கொள்ளுதல் தகும்.