பீ மூத்திரம் அள்ளுதல்: பணிவிடையும் சாதியும்

ஒரு மகளை, மருமகளை உச்சத்தில் வைத்துப் பாராட்ட நம்ம பேச்சில் ஒரு வாக்கியம் இருக்கிறது: 'கடைசி வரைக்கும் பீ மூத்திரம் அள்ளிப் பாத்தா.' இதைவிடப் பெரிய நற்சான்று ஊரில் கிடையாது. ஒரு மனிதரை ஆகக் கீழே தள்ளுவதற்கும் ஏறக்குறைய இதே வாக்கியம்தான்: 'பீ அள்ளுற சாதி.' வினை ஒன்று, செயப்படுபொருள் ஒன்று. அள்ளுகிற கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது, எந்த வாசலுக்குள் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று தியாகமாகிறது, இன்னொன்று தீட்டாகிறது. எம்.ஏ. வகுப்பில் எட்டு வேற்றுமையும் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த வேற்றுமையை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நோயில் விழுந்தவரைப் பார்த்துக்கொள்வது பற்றி இங்கே இரண்டு பேச்சுகள் நடக்கின்றன. ஒன்று, அது தாயன்பு, பெண்ணுக்கு இயல்பாகவே வரும் என்பது. மற்றது, அது இழிதொழில், அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்பது. மேலே ஒன்று, கீழே ஒன்று போலத் தெரிந்தாலும் இரண்டும் சேர்ந்து ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. அந்த வேலைக்குள் ஓர் அறிவு இருக்கிறது, அது பாடுபட்டுக் கற்ற அறிவு என்பதை இரண்டுமே ஒத்துக்கொள்வதில்லை. நம்முடைய இலக்கியமும் இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வழக்கு.

இந்த இரண்டு பேச்சையும் ஒன்றாக முடிச்சுப் போட்டவர் காந்தி. தாய் தன் குழந்தைக்குச் செய்வதைத்தான் பங்கி சமூகத்துக்குச் செய்கிறார் என்று 1936இல் 'ஹரிஜன்' இதழில் எழுதினார். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் தாய்க்கு அந்த வேலை ஒரு பருவம். குழந்தை வளரும், தானே கழுவிக்கொள்ளும். தாயை அந்தக் குழந்தை தொடும், மடியில் படுக்கும், அவள் கையால் சோறு வாங்கித் தின்னும். பங்கியின் கையால் எந்தக் குழந்தை சோறு தின்றது? 1945இல் வெளிவந்த காங்கிரசும் காந்தியும் பற்றிய நூலில் அம்பேத்கர் இந்த இனிப்பை உடைத்துக் காட்டினார். இங்கே ஒருவர் தோட்டியாக இருப்பது அவர் செய்யும் வேலையால் அல்ல, பிறப்பால்; அந்த வேலையைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் அவர் தோட்டிதான் என்றார். நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இது. வேலையைப் புகழ்வது வேறு, வேலை செய்கிறவரை விடுவிப்பது வேறு.

பழைய இலக்கியத்தில் இதற்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. குறளின் 95ஆம் அதிகாரமான 'மருந்து' மருத்துவத்தை நாலு கூறாகப் பிரிக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, நாலாவதாக உழைச்செல்வான். 'உழை' என்றால் பக்கம், பக்கத்தில் இருந்து செய்கிறவர் என்பது பொருள். நம்ம காதில் உழைப்பு என்றுதான் விழுகிறது, விழட்டும். நாலில் ஒரு பங்கு! ஆனால் குறளின் உழைச்செல்வான் ஆண்பால். வீட்டிலும் ஆஸ்பத்திரி வராண்டாவிலும் நாம் பார்ப்பதோ பெரும்பாலும் பெண்பால். அந்தக் கால் பங்குக்குக் கூலியும் இல்லை, பாடமும் இல்லை, படைப்பிலும் இடம் குறைவு.

அந்த அறிவு எங்கே கிடைக்கிறது? எங்க அம்மா முதலில் கழனி வேலை, பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை. எங்க நைனாவுக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டு மூன்று வருசம் படுக்கை. வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டு கொடுத்தார்கள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அம்மாவிடம் ஏற்கெனவே இருந்தது. இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் போட வேண்டும்; குண்டிக்கு மேல் எலும்பும் குதிகாலும் சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும்; சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, அதன்மேல் பாரம் விழாமல் படுக்க வைக்க வேண்டும். 'வார்டுல எத்தினி பேருக்குப் புண்ணு வெச்சி எலும்பு தெரிஞ்சத தொடச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?' என்று கேட்கும். செத்த கையைப் பிடித்துத் தூக்க வந்த சொந்தக்காரரை அதட்டி நிறுத்தியது, தோள்மூட்டு கழன்றுவிடும் என்று. கஞ்சியைத் தண்ணியாகக் கொடுத்தால் புரையேறும், கெட்டியாகக் கொடு, உட்கார வைத்துக் கொடு, கொடுத்து முடித்ததும் சாய்க்காதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

ஆளைத் தூக்குவதை அம்மா கற்றது வார்டில் இல்லை, களத்துமேட்டில். நெல்லுக்கட்டு தூக்கிய உடம்பு. 'முதுகக் குடுக்காத, தொடையக் குடு' என்பதுதான் பாடம். ராத்திரி சின்ன முனகலுக்கே விழித்துக்கொள்ளும் காதும் அப்படி வந்ததுதான், கரண்டு வரும் நேரம் பார்த்து ஊரான் நிலத்துக்குத் தண்ணீர் கட்டப் போன காது. நைனாவைத் துடைக்கும்போது கதவைச் சாத்திவிட்டு, மேலே ஒரு துணியைப் போட்டுக்கொண்டு, துணிக்குள் கையை விட்டுத் துடைக்கும். ஏம்மா இப்படி என்றதற்கு, 'அவமானப்பட்டவங்களுக்குத்தான்டி அடுத்தவங்க கூச்சம் தெரியும்' என்றது. தாதியர் கல்லூரியில் இதற்குத் தனிப் பாடம் இருக்கிறது. அம்மாவுக்கு இதை வாழ்க்கை அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, துன்பம் மனிதரைப் பக்குவப்படுத்தும், ஆகவே தலித் பெண்கள் இயல்பாகவே நல்ல தாதிகள் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அது காந்தியின் வாக்கியத்தையே திரும்ப எழுதுவது. துன்பம் பலரை முரடாக்கியும் இருக்கிறது, குடிக்குள் தள்ளியும் இருக்கிறது. அம்மாவிடமே கேட்டேன். 'ஆசப்பட்டா இத கத்துக்கினேன்? வேற வேல குடுத்தானுங்களா?' என்றது. கற்ற விதம் அநியாயம், கற்றது அறிவு. இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைச் சொன்னால் அது பொய்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு சில படைப்புகளைப் பார்ப்போம்.

தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் எழுதி, சுந்தர ராமசாமி தமிழாக்கிய 'தோட்டியின் மகன்' ஒரு நோய்ப்படுக்கையில்தான் தொடங்குகிறது. இசக்கிமுத்து விழுந்துவிடுகிறார், மகன் சுடலைமுத்து அவருடைய வேலையை எடுத்துக்கொள்கிறான். மற்ற வீடுகளில் அப்பன் படுத்தால் மகன் பக்கத்தில் உட்கார்வான். இங்கே அப்பன் படுத்தால் மகன் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்தவர் வீட்டுக் கக்கூசுக்குப் போக வேண்டும். பின்னால் சுடலைமுத்துவைக் காலரா கொண்டுபோகிறது, அவன் மகனும் அதே வேலைக்கு வருகிறான். ஊர் முழுவதையும் நோயிலிருந்து காக்கிற குடும்பத்துக்குத் தன் நோயாளியைக் காக்க நேரம் தரப்படுவதில்லை. நாவல் சொல்லும் ஆகப் பெரிய உண்மை இது. சங்கம், பணம், வர்க்கம் என்று பேசிய வாசிப்புகள் இந்தப் படுக்கையைத் தாண்டிப் போய்விட்டன.

பாமாவின் 'சங்கதி' (1994) இன்னொரு வகை. அதில் வருகிற பாட்டி வெள்ளையம்மா தெருவில் பிரசவம் பார்க்கிறவர். பாமா அவரைத் தெய்வமாக்கவில்லை. பேச்சு, வசவு, கை வேலை, கதை எல்லாம் சேர்ந்த ஒரு மனுசியாக நிறுத்துகிறார். எழுத்து மொழி கூசுகிற சொற்களை நம்ம பேச்சு மொழி கூசாமல் சொல்லும் என்று காட்டினார். உடம்பைப் பார்த்துக்கொள்கிற வேலையை எழுத உடம்பைக் கூசாத மொழி வேண்டும். 'மலஜலம் கழித்தார்' என்று எழுதுகிறவரால் ஒரு நோயாளியின் பக்கத்தில் கால்மணி நேரம்கூட உட்கார முடியாது.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நம்மைப் பார்த்தே கேள்வி கேட்கிறது. சேரிக்குத் துணி வெளுக்கிற ஆரோக்கியம்தான் பிரசவமும் பார்க்கிறாள், சாவுக்கும் நிற்கிறாள். தீட்டுத்துணி அவள் கைக்குத்தான் போகிறது. நாவல் வந்தபோது இது தலித்துகளைக் காட்டிக்கொடுக்கிறது என்று சண்டை பிடித்தார்கள். சண்டை பிடித்த நேரத்தில் ஒன்றைக் கேட்டிருக்கலாம். நம்ம வீட்டுப் பிள்ளையை முதலில் தொட்டுத் தூக்கிய அந்தக் கைக்கு நாம் என்ன கொடுத்தோம்? ராச்சோறு கொடுத்தோம், அதையும் அவள் வாசலில் வந்து கேட்க வேண்டியிருந்தது. ஊர் நமக்குச் செய்ததை நாம் புதிரை வண்ணாருக்குச் செய்தோம். பராமரிப்பு மேலிருந்து கீழே தள்ளப்படுகிற ஒரு பாரம். ஆகக் கடைசியில் நிற்பவர் தலையில் அது இறங்குகிறது. அந்தக் கடைசியிலும் அது ஒரு பெண்ணின் தலை.

2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற அதே இமையத்தின் 'செல்லாத பணம்' (2018), தீயில் வெந்த ஒரு பெண்ணைச் சுற்றி, ஜிப்மர் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. வெளியே காத்திருக்கும் சனங்களின் பேச்சை இவ்வளவு உண்மையாக எழுதியவர்கள் தமிழில் குறைவு. பணம் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாத கையாலாகாத்தனம் பக்கத்துக்குப் பக்கம் கனக்கிறது. ஆனால் நாவலின் கனம் கதவுக்கு வெளியே இருக்கிறது. கதவுக்கு உள்ளே வெந்த உடம்பைக் கழுவுகிற, தரையைத் துடைக்கிற, வாளியை எடுத்துக்கொண்டு போகிற கையின் கதை இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது. அதை எழுத வேண்டியது இமையம் மட்டுமா? நாம்தான்.

நம்ம ஆண் தோழர்களின் கவிதைகளையும் கேட்க வேண்டும். அம்மாவைப் பற்றி எழுதாத தலித் கவிஞர் இல்லை. ஒட்டிய வயிறு, வெடித்த பாதம், கிழிந்த சேலை எல்லாம் வருகிறது. அம்மாவுக்கு என்ன தெரியும் என்பது மட்டும் வருவதில்லை. பாவப்பட்ட அம்மா, தெய்வமான அம்மா, நடுவில் விவரம் தெரிந்த அம்மாவைக் காணோம். தெய்வத்திடம் யாரும் வேலை கற்றுக்கொள்வதில்லை, கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம். விவரம் தெரிந்தவர் என்று ஒத்துக்கொண்டால் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும், ராத்திரி ஒரு முறை எழுந்து புரட்டிப் போடவும் வேண்டியிருக்கும்.

நம்ம மேடைகளுக்கும் இது பொருந்தும். ஜோதிராவ் புலேவுக்கு 1888இல் பக்கவாதம் வந்தது, வலக்கை விழுந்த பிறகு இடக்கையால் நூல் எழுதினார் என்று பெருமையோடு பேசுகிறோம். வலப்பக்கம் விழுந்த மனிதர் உட்கார்ந்து எழுத வேண்டுமென்றால் பக்கத்தில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதைப் பேசுவதில்லை. சாவித்திரிபாய் பள்ளிக்கூடம் போகிற வழியில் சாணியும் சேறும் வாங்கியவர். கைவிடப்பட்ட விதவைகளின் பேறுகாலத்துக்கு 1863இல் வீடு திறந்தவர். அந்த வீட்டில் பிறந்த பிள்ளையை வளர்த்து மருத்துவராக்கியவர். 1890இல் கணவர் இறந்தார். 1897இல் புனேயில் பிளேக் வந்தபோது, நோய் கண்ட தீண்டப்படாத சிறுவனைத் தானே தூக்கிக்கொண்டு மகனின் சிகிச்சையிடத்துக்கு வந்து, அந்த நோயிலேயே மார்ச் 10ஆம் தேதி இறந்தார். பெண்கள் பள்ளி தொடங்கியவர் என்று மட்டும் படம் மாட்டி வைத்திருக்கிறோம். அவர் கை செய்ததும் கல்விதான்.

இன்றைக்கு நிலைமை என்ன? கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்தன. சாக்கடைக் குழிச் சாவு நிற்கவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையையும், படுத்த படுக்கையாக இருப்போருக்கு இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டு வந்தது. இது நல்ல காரியம், வரவேற்போம். ஆனால் வந்து போகிறவர்கள் வந்து போகிற நேரம் போக மிச்ச நேரம் முழுவதும் யார் பார்ப்பது? கூலிக்குப் போனால் நோயாளி ஈரத்தில் கிடப்பார், நோயாளியோடு இருந்தால் அடுப்பு எரியாது. இந்தக் கணக்கைத் தினமும் போடுகிறவர் ஒரு பெண். எங்க அம்மாவுக்கு இப்போது இடுப்பு பிடித்துக்கொண்டது, சர்க்கரையும் இருக்கிறது. எல்லாரையும் புரட்டிப் போட்ட அதை யார் புரட்டிப் போடுவது என்பது குடும்பப் பிரச்சினை இல்லை, அரசியல்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை: ஆஸ்பத்திரிகளில் வாளி தூக்குகிறவர்களுக்கு நிரந்தர வேலை. விரும்புகிறவர்களுக்கு முறையான தாதிப் பயிற்சியும், அவர்கள் ஏற்கெனவே அறிந்ததற்கு அதில் மதிப்பும். வீட்டில் நோயாளியைப் பார்ப்பதால் கூலி இழக்கிறவர்களுக்கு அந்தக் கூலி. வேண்டாம் என்கிறவர்களுக்கு, அவர்கள் பிள்ளைகளுக்கு, வேறு எந்த வேலைக்கும் போகிற வழி. இதில் கடைசியாகச் சொன்னதுதான் முதலாவது.

எழுதுகிற தோழர்களுக்கு ஒன்று. அம்மாவைப் பற்றி எழுத உட்காரும் முன் அம்மாவிடம் போய்க் கேளுங்கள். எத்தனை மணிக்கு ஒருதரம் புரட்டிப் போட்டாய், எப்படித் தூக்கினாய், புண் வராமல் எப்படிப் பார்த்தாய், இதையெல்லாம் எங்கே கற்றாய், அந்த இடத்தில் உனக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று கேளுங்கள். சொல்கிற வார்த்தையை மாற்றாமல் எழுதுங்கள். அதற்குப் பிறகும் தெய்வம் என்று எழுதத் தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள்.