எதை விட்டு வந்தோம்?

திண்டிவனத்தில் சீடத்துவம் பற்றி யார் பிரசங்கித்தாலும் பேச்சு ஐடா ஸ்கடரிடம் வந்து நிற்கும். 1890இல், நோயுற்ற தாய்க்குத் துணையாக இங்கு வந்த இளம்பெண் அவர். ஒரே இரவில் மூவர், பிரசவத்தில் தவித்த தங்கள் மனைவியருக்காக அவரைத் தேடி வந்தார்கள். மருத்துவரான அவருடைய தந்தை ஆண் என்பதால் வேண்டாம் என்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அமெரிக்காவில் மருத்துவம் படித்து 1900இல் திரும்பிய ஐடா, 1918இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். 1960இல் இந்த மண்ணிலேயே கண்மூடினார்.

அந்தத் தியாகத்தின் பலனை உலகம் கண்டது. நம் ஊர்ச் சேரிகளில் நடந்த தியாகத்துக்கு இன்னும் நினைவுக்கல் இல்லை.

மாற்கு 10ஆம் அதிகாரத்தில் பேதுரு, எல்லாவற்றையும் விட்டு வந்தோமே என்கிறார். நூறு மடங்கு கிடைக்கும் என்று சொல்லும் இயேசு, துன்பங்களையும் அதே மூச்சில் சேர்க்கிறார். கத்தோலிக்க மரபு இந்த விட்டுவருதலைத் துறவியரின் மூன்று வார்த்தைப்பாடுகளில் வாழ்ந்து காட்டுகிறது. லுத்தரன் மரபுக்குப் பலன் கூலியல்ல, கிருபை. பெந்தெகொஸ்தே சபைகளில் அது சாட்சியாக ஒலிக்கிறது: நோய் தீர்ந்தது, கடன் அடைந்தது. சாட்சி சொல்பவரின் கண்ணீர் உண்மையானது. ஆனால் பேதுருவுக்குச் சொல்லப்பட்ட துன்பம் அங்கே விடுபட்டுப்போகிறது.

இந்த மண்ணுக்குரிய அளவுகோல் வேறு: சாதியை விட்டாயா? 1853இல் உருவான ஆற்காடு மிஷன் அதைக் கண்டிப்பாகவே கேட்டது. மேல்பட்டாம்பாக்கத்தில் பணியாற்றிய கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதியைப் பொறுத்துக்கொள்ள மனமின்றி லைப்சிக் மிஷனையே விட்டு விலகி, பின்னர் டேனிஷ் மிஷனோடு சேர்ந்தார். ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கிருக்கிறது. ஒரு மிஷனரி தன் பாதுகாப்பை இழந்து காட்டிய சீடத்துவம் இது. ஐடாவின் கதைக்குப் பக்கத்தில் இதையும் நம் பிள்ளைகள் கேட்க வேண்டும்.

அந்த அளவுகோலில் நாம் தேறவில்லை. அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச் 9இல் கலவரம் வெடித்தது. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். மோதிய தலித்துகளும் பிற சாதியினரும் ஒரே ஆலயத்து மக்கள்.

தலித் கிறிஸ்தவர் கொடுக்கும் விலை இன்னொன்றும் உண்டு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஞானஸ்நானம் பெற்றால் சலுகை போகும். தெருவில் சாதிப் பெயர் மட்டும் போகாது. இதைத் தெரிந்தே விசுவாசத்தில் நிற்பவர்தான் இங்கே சிலுவை சுமக்கிறார்.

1995இல் சபைகள் கூடிச் செய்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பை வெளியிட்ட நடுநிலையம் திண்டிவனத்தில்தான் இருக்கிறது. ஒரே வேதத்தை வாசிக்க முடிந்த நமக்கு, இறந்தவர்களைச் சாதியால் பிரிக்காத ஒரே கல்லறைத் தோட்டம் முடியாதா? தோட்டத்தின் குறுக்கே சுவர் வைத்திருக்கும் சபை எதுவானாலும், அடுத்த கல்லறைத் திருநாளுக்குள் அதை இடித்துவிடுங்கள்.