பேய் எங்கிருந்து வந்தது?

பேய்ப்படம் என்றாலே மூடநம்பிக்கைக்குத் தூபமிடுவது என ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. பெரும்பாலான பேய்ப்படங்களைப் பொறுத்தவரை அது நியாயமே. ஆயினும், ஈரானிற் பிறந்த பாபக் அன்வாரி 2016இல் நெறியாண்ட ‘நிழலின் கீழ்’ என்னும் பாரசீக மொழிப் படத்தையும் அவ்வாறு தள்ளிவிடுதல் தகாது.

1988. ஈரான் - ஈராக் போரின் இறுதியாண்டு. தெஹ்ரான் மீது ஏவுகணைகள் விழுகின்றன. மாணவப் பருவத்தில் இடதுசாரி இயக்கத்தில் ஈடுபட்டவள் என்பதற்காக ஷிதேக்கு வைத்தியக் கல்வி நிரந்தரமாக மறுக்கப்படுகின்றது. வைத்தியனான கணவன் போர்முனைக்கு அனுப்பப்படுகின்றான். தொடர்மாடி வீட்டில் அவளும் சிறுமகள் தோர்ஸாவும் தனித்திருக்க, மேல்மாடியைத் துளைத்த ஏவுகணையொன்று வெடியாமற் கிடக்கின்றது. அதனோடு ‘ஜின்’ வந்துவிட்டதென்ற பேச்சு எழுகின்றது.

முற்பாதியில் அந்த ஜின் கண்ணிற் படுவதேயில்லை. படத்தின் பலமும் அதுவே. குறுக்கும் மறுக்கும் பசைத்தாள் ஒட்டிய யன்னல்கள், அபாயச் சங்கொலி, கூரையிலே தோன்றிய வெடிப்பு, காணாமற்போன பொம்மை ஆகியவற்றைக் கொண்டே நெஞ்சை நெருக்கும் சூழலை அன்வாரி அமைத்துவிடுகின்றார். தடைசெய்யப்பட்ட வீடியோக் கருவியை அலுமாரியிற் பூட்டிவைத்து வாழும் ஒருத்திக்கு ஒளிந்திருத்தல் புதிதன்று. அச்சமும் மகள்மீது சீறும் எரிச்சலும் ஒன்றாய்க் கலந்த அந்த முகத்தை நர்கிஸ் ரஷீதி மிகையின்றித் தருகின்றார்.

படத்தின் உச்சம் எனக்கு வீதியிலேதான் தெரிகின்றது. ஜின்னுக்கு அஞ்சி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் ஓடுபவளைக் காவற்படை பிடிக்கின்றது. தலையில் முக்காடில்லை என்பதே அவள் குற்றம்! வீட்டினுள் பேய், வெளியில் அரசு. இவ்விரண்டுக்குமிடையே அவள் எங்கே போவாள்?

இத்தனை அரிதாகக் கட்டியதை இறுதிப் பகுதியில் நெறியாளரே குலைத்துவிடுகின்றார். ஜின் ஒரு பெரும் போர்வையாக விரிந்து பறக்கின்றது; திடீர் ஓசைகள் நம்மைத் துள்ளவைக்கின்றன. இது மலிவான உத்தி. அன்றியும், துணி எவரையும் சிறைவைப்பதில்லை. சட்டமும் அதற்குக் காவல்நின்ற படையுமே சிறைவைத்தன. துணியைப் பூதமாக்கும்போது உண்மைச் சிறையாளர் திரையிலிருந்து நழுவிவிடுகின்றனர்.

இதனினும் பெரிய குறையொன்றுண்டு. ஷிதேயின் அரசியற் கடந்தகாலம், அவள் அதிகாரியிடம் மன்றாடும் காட்சியோடு ஏறக்குறைய முடிந்துவிடுகின்றது. அவ்வியக்கங்களைச் சேர்ந்த பலர் அதே 1988இன் பிற்பகுதியில் ஈரானியச் சிறைகளிற் கொல்லப்பட்டனர். அவர்களை அன்வாரி திரையிற் காட்டியிருக்க வேண்டுமென்பதில்லை. ஆனால் அவள் எதை நம்பினாள், யாரோடு நின்றாள் என்பதையேனும் நாம் அறிந்திருந்தால், அவள் இழப்பு வெறும் பட்டத்தின் இழப்பாகக் குறுகியிராது.

தாயும் மகளும் காரில் ஏறித் தப்புகின்றனர். பொம்மையின் தலையும், ஷிதேயின் வைத்திய நூலும் அந்த வீட்டிலேயே கிடக்கின்றன.