திம்புள்ளயின் ஐந்தொகையும் லண்டன் சான்றிதழும்

1961இல் வெளிவந்த ஓர் இங்கிலாந்துத் தீர்ப்பால் திம்புள்ளயின் பெயர் கம்பனிச் சட்டப் பாடநூல்களில் ஏறியது. திம்புள்ள வேலி (சிலோன்) டீ கம்பனி எதிர் லோரி என்பது வழக்கு. தோட்டம் இங்கே மலையகத்தில், பங்குதாரர் அங்கே இங்கிலாந்தில். நிலையான சொத்துக்களை மீள்மதிப்பீடு செய்ததில் பெறுமதி கூடிற்று. ஒரு காணி விற்காமல், ஒரு சதம் கைக்கு வராமல், ஏட்டில் மட்டும் பிறந்த அந்த மிகையை மூலதனமாக்கிப் போனஸ் பங்கு கொடுக்கலாமா என்று கேட்டார்கள். கொடுக்கலாம் என்றார் நீதிபதி பக்லி. இலாபத்தைக் காசாகப் பிரிப்பதானால் அது கைக்கு வந்த இலாபமாக இருக்க வேண்டும் என்று 1980ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் இறுக்கிப் பிடித்தது. போனஸ் பங்குக்கு மட்டும் விலக்கு நிலைத்தது.

அந்தக் காலத்து இரு நாட்டுக் கணக்கில் மலையகத்தான் செய்த வேலை சிறிது. பெரிய கிளாக்கர் செக்ரோல் எழுதினார், மாதக் கணக்கைக் கட்டி கொழும்பு ஏஜென்சிக் கம்பனிக்கு அனுப்பினார். ஐந்தொகை எங்கோ எழுதப்பட்டது. இன்று அட்டனிலும் தலவாக்கலையிலும் உயர்தர வணிகப் பிரிவில் கணக்கீடு படித்துவிட்டு வரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை அந்த ஐந்தொகையையே எழுதலாம். அதற்கு வழி என்று விளம்பரங்கள் காட்டுவது ஏசிசிஏ, சீமா ஆகிய பிரித்தானியத் தகைமைகளை. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் பழசாகத் தெரிகிறது. எந்தத் தகைமை உண்மையில் இரு கரையையும் தொடுகிறது?

பிரித்தானியத் தரப்பின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டயக் கணக்காளராக வேண்டுமானால் மூன்று வருடப் பயிற்சி கட்டாயம். பயிற்சி இடங்கள் பெரும்பாலும் கொழும்பில். அங்கே போடிங் வாடகை, சாப்பாட்டுக் கடை, பஸ் காசு என்று போனபின் பயிலுநர் படியில் வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும்? ஏசிசிஏக்கு வேண்டிய 36 மாத அனுபவத்தைப் பரீட்சைக்கு முன்னும் பின்னும் சேர்க்கலாம். கணக்காய்வு நிறுவனத்தில்தான் பெற வேண்டும் என்றும் இல்லை. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு, அதுவும் கொழும்பில் தனியே விட வீட்டார் தயங்கும் பெண்பிள்ளைக்கு, இது பெரிய வாசல். உள்ளூர்த் தகைமைக்காக வாதாடுபவர்கள் இதைப் பேசாமல் கடந்துவிடுகிறார்கள். அவர்களில் பலர் கொழும்பில் சொந்த வீடுள்ளவர்கள்.

ஆனால் அந்த வாசலுக்குப் பவுணில் கட்டணம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாய்க்கு ஏறியது. பவுணும் கூடவே ஏறியது. தோட்டத்து நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 1,350 ஆக உயர 2024 செப்டெம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரூபாயில் சம்பளம் வாங்கும் குடும்பம் பவுணில் ஏற்கும் பல வருடப் பொறுப்பு வெறும் படிப்புச் செலவாகாது. நாணயமாற்று அபாயம் என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். பிள்ளை அதைப் படிக்குமுன்பே அம்மாவின் கொழுந்துக்காசு அதில் மாட்டிக்கொள்கிறது.

“உலகெங்கும் அங்கீகாரம்” என்ற சொற்றொடரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலைக்கு எடுப்பார்கள் என்பது ஒன்று, கணக்காய்வு அறிக்கையில் கையெழுத்திடலாம் என்பது வேறு. ஏசிசிஏ வழியாகப் பிரித்தானியாவில் அந்த உரிமையை எட்டலாம். சீமா முகாமைக் கணக்கீட்டுக்கான தகைமை; கணக்காய்வுக் கையெழுத்து அதன் நோக்கமே இல்லை. இலங்கையின் பட்டியலிட்ட கம்பனிக்குக் கையெழுத்திட இலங்கை நிறுவகத்தின் உறுப்புரிமை வேண்டும், இந்தியாவிலோ இந்திய நிறுவகத்தினுடையது. நமது பட்டயக் கணக்காளரும் லண்டனில் இறங்கியவுடன் கையெழுத்திட முடியாது. ஆக எல்லாச் சான்றிதழும் ஒரு கரையில்தான் ஊன்றி நிற்கிறது.

எல்லை தாண்டுவது நியமங்கள்தான். சர்வதேச நியமங்களோடு இணைந்த கணக்கீட்டு நியமங்களை இலங்கை 2012 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. உடனே ஒரு சிக்கல். தேயிலைச் செடியை “உயிரியல் சொத்து” என்று கொண்டு, இனிமேல் கிள்ளப்போகும் கொழுந்தின் விலையை ஊகித்து, கழிவு வீதம் போட்டு, ஆண்டுதோறும் நியாயப் பெறுமதி காணச் சொன்னது நியமம் 41. ஐம்பது வருடம் நிற்கும் செடிக்கு அடுத்த இருபது வருட ஏலவிலையை யார் சொல்வது? ஏட்டில் பிறக்கும் இலாபம் என்ற 1961ஆம் ஆண்டுப் பிரச்சினைதான் வேறு உடுப்பில் வந்து நின்றது. செடியைக் கட்டடம், இயந்திரம் போலக் கிரயத்தில் காட்டிப் பெறுமானத் தேய்வு போடும் தெரிவைக் கொழும்பு நிறுவகம் 2012 மார்ச்சிலேயே தோட்டக் கம்பனிகளுக்குக் கொடுத்தது. லண்டனில் இருக்கும் சர்வதேசக் கணக்கீட்டு நியமச் சபை அதே முடிவுக்கு வந்தது 2014இல். நடைமுறை 2016 முதல். கிள்ளாமல் செடியில் நிற்கும் கொழுந்துக்கு மட்டும் நியாயப் பெறுமதி தொடர்ந்தது. தேயிலை விஷயத்தில் கொழும்பு முந்திக்கொண்டது என்பதை நமது மாணவருக்கு யாரும் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

இந்தக் கணக்கைத் தலவாக்கலைத் தோட்டமொன்றின் ஏட்டில் செய்து பழகியவருக்குக் கென்யாவின் கெரிச்சோவோ அசாமோ நியமத்தளவில் அந்நியமல்ல. அங்கே வரியும் கம்பனிச் சட்டமும் மட்டும் புதிது. சான்றிதழை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கும் அங்குள்ள சட்டமும் இரண்டுமே புதிது.

ஆகவே என் தீர்ப்பு உள்ளூர் நிறுவகத்தின் பக்கம். ஏஏடி என்ற ஆரம்பநிலைக் கணக்கீட்டுத் தகைமையில் தொடங்கி, பட்டயக் கணக்காளராகி, பிறகு சம்பளத்திலிருந்தோ முதலாளியின் செலவிலோ பிரித்தானியத் தகைமையைச் சேர்ப்பது. உறுப்பினருக்குச் சில பாடங்களில் விலக்கும் கிடைப்பதால் பவுண் செலவும் குறையும். கொழும்புப் பயிற்சிக்கு வழியே இல்லாதவருக்கு இந்தத் தீர்ப்புப் பொருந்தாது. அவர் ஏசிசிஏக்குப் போகட்டும், ஒரு தடவைக்கு ஒரு பாடம், கையில் காசு உள்ள அளவுக்கு. கண்டியிலும் அட்டனிலும் பயிற்சி இடங்கள் பெருகினால் அந்த விதிவிலக்கும் தேவைப்படாது. அதைச் செய்ய வேண்டியது நிறுவகமும் தோட்டக் கம்பனிகளும்.