வரவும் செலவும்: ஒரு குறட்பொருள் ஆய்வு

அரசின் வரவு செலவுத் திட்டத்தில் பற்றாக்குறை என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம்மவர் எடுத்துக்காட்டும் குறள் ஒன்று உண்டு. வலியறிதல் அதிகாரத்தின் 478ஆம் குறளே அது. வருவாய் வரும் வழி சிறிதாயினும், செலவு போகும் வழி அதனினும் அகலாதிருப்பின் கேடில்லை என்பது அதன் கருத்து. இதனைச் சான்றாகக் கொண்டு, அரசு ஒரு வெள்ளியும் கடன் கொள்ளலாகாது, ஆண்டுதோறும் வரவும் செலவும் ஒத்தே நிற்றல் வேண்டும் என்பர் சிலர். இவ்வுரை பொருந்துமா?

குறளை அதன் இடத்தில் வைத்துக் காண்போம். இதற்கு முந்திய குறள் ஈகையின் அளவைக் கூறுகின்றது. 480ஆம் குறள் ஒப்புரவின் அளவைக் கூறுகின்றது. ஆகவே இடையில் நிற்கும் இக்குறள் சிறப்பாகக் கருதுவது கொடுத்தால் திரும்பி வாராத செலவையே எனக் கொள்ளுதல் தகும். பொருளை ஈனும் செலவு வேறு. இறைமாட்சியின் 385ஆம் குறளில், பொருள் வரும் வழிகளை உண்டாக்குதலே அரசனுக்கு முதற்கடமையாக வைக்கப்பட்டுள்ளது. சேர்த்தல், காத்தல், பங்கிடுதல் ஆகியன அதன் பின்னரே வருகின்றன. இவ்விரு குறள்களையும் ஒருங்கு வைத்துப் பாராதார் வள்ளுவரின் பொருளியலில் பாதியே கண்டவராவர்.

பழைய தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. அரிசிக்குக் கடையில் பற்று வைத்தவன் கடனே கண்டான். கடன் பட்டுக் கறவை மாடு வாங்கியவன் பால் விற்று அதனைத் தீர்த்தான். அரசுக்கும் இஃது ஒக்கும். ஆசிரியர் சம்பளம் ஆண்டு வருவாயினின்று வருதல் முறை. முப்பது ஆண்டு நிற்கும் பள்ளிக் கட்டடத்திற்குக் கடன் கொள்ளுதல் தவறன்று. அங்குப் படித்த பிள்ளைகளே நாளை வரி செலுத்துவர்.

எனினும் குடும்பத்திற்கும் அரசுக்கும் ஒரு பெரு வேற்றுமை உண்டு. கெட்ட காலத்தில் ஒரு குடும்பம் செலவைச் சுருக்கினால் கடைக்காரர்க்குச் சிறு இழப்பே. அரசு சுருக்கினாலோ ஊரார் அனைவர் வருவாயும் சுருங்கும். 1930களின் பெருமந்தத்தில் பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களும் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களும் ஒடுங்கின. 1932இல் ரப்பர் ராத்தல் பத்துக் காசுக்கும் கீழே விற்றது. வருவாய் குன்றிய ஆங்கில ஆட்சி செலவைச் சுருக்கியது. வேலையிழந்தோர்க்கு உதவிப் பணம் அளித்து இங்கே காப்பதை விடுத்து, மலாயாவினின்று ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியது. அரசின் சுமை குறைந்தது. அதனைச் சுமந்தவர் நம் முன்னோர்.

அண்மைக் காலச் சான்றும் உண்டு. ஆசிய நிதி நெருக்கடியின்போது, 1997 டிசம்பரில் மலேசிய அரசு செலவை 18 விழுக்காடு வெட்ட முற்பட்டது. 1998இல் நாட்டின் பொருளாதாரம் ஏழு விழுக்காட்டிற்கு மேல் சுருங்கியது. அவ்வாண்டின் இடையிலேயே அரசு தன் வழியை மாற்றிச் செலவைப் பெருக்கிற்று.

அங்ஙனமாயின் பற்றாக்குறை என்றும் நன்றோ? அன்று. 1993 முதல் 1997 வரை மிகை கண்ட கூட்டரசுக் கணக்கு, 1998 முதல் 2024 வரை ஓராண்டேனும் மிகை காணவில்லை. இடையில் நல்ல ஆண்டுகள் பல வந்தும் சேமிப்பு இல்லை. 2024இல் வருவாயில் ஏழில் ஒரு பங்கிற்கு மேல் வட்டிக்கே சென்றது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஆகவேண்டிய பணம் அது. 478ஆம் குறளின் எச்சரிக்கை இங்குத்தான் முழுதும் பொருந்தும்.

2023ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டம், பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 விழுக்காட்டிற்கு மேற்படாமையை இலக்காக வைத்தது. மேம்பாட்டுச் செலவு 3 விழுக்காட்டிற்குக் குறையாமையையும் உடன் வைத்தது. முன்னது 478ஆம் குறளின் வழி. பின்னது 385ஆம் குறளின் வழி. இரண்டனுள் ஒன்றை மட்டும் பற்றி நிற்பது வள்ளுவர் நெறியாகாது.

ஆதலின் ஆசிரியர்கள் இக்குறளை வகுப்பில் விளக்குங்கால், வரவும் செலவும் ஒத்தனவா என்பதோடு நின்றுவிடாது, செலவு எதனை ஈன்றது, அதன் சுமையைச் சுமந்தவர் யார் எனவும் மாணவரைக் கேட்கச் செய்வாராக.