நிறுத்தும் முடிவு யாருடையது?

பைத்தான் கற்கத் தொடங்குபவர்களின் புரோகிராம்களில் ஒரு வழக்கம் அடிக்கடி தென்படுகிறது. கோப்பு திறக்கவில்லையா, எண் கேட்ட இடத்தில் எழுத்து வந்ததா, அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே ‘எக்ஸிட்’ எழுதி மொத்த புரோகிராமையும் நிறுத்திவிடுகிறார்கள்.

இதிலும் நியாயம் உண்டு. தவறான தரவோடு ஓடுவதைவிட நின்றுவிடுவது நல்லது. ஒருமுறை ஓட்டிவிட்டு மறந்துபோகும் இருபது வரி ஸ்கிரிப்டுக்கு இதுவே போதும்.

ஃபங்ஷனை வேறோர் இடத்தில் பயன்படுத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மதிப்பெண் கோப்பைப் படிக்கும் ஃபங்ஷன் ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டு 40 கோப்புகளை வரிசையாகப் படிக்கிறோம். ஏழாவது கோப்பு இல்லையென்றால் மீதி 33 கோப்புகளும் படிக்கப்படாமலே போகும். விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாமா என்பது அழைத்த இடத்துக்குத்தான் தெரியும். அந்த முடிவை ஃபங்ஷன் பறித்துக்கொள்கிறது.

இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாதது. அடைப்புக்குறிக்குள் எதுவும் தராமல் எக்ஸிட் எழுதினால் புரோகிராம் 0 என்ற குறியீட்டோடு முடியும். இயங்குதளத்துக்கு அது ‘வெற்றி’. தோல்வியுற்ற வேலையை நம்பி அடுத்த கட்டளை ஓடத் தொடங்கிவிடும். ‘சிஸ்.எக்ஸிட்’டுக்குப் பிழைச் செய்தியைக் கொடுத்தால், அது செய்தியை அச்சிட்டு 1 என்ற குறியீட்டோடு முடிக்கும். வெறும் ‘எக்ஸிட்’ பைத்தான் ஷெல்லில் தட்டச்சு செய்வதற்கென்றே தரப்பட்டது. புரோகிராமுக்குள் எழுத வேண்டியது ‘சிஸ்.எக்ஸிட்’தான்.

எக்ஸிட்டைத் தவிர்க்கிறேன் என்று மெனுவுக்குத் திரும்ப ‘மெயின்’ ஃபங்ஷனையே மறுபடி மறுபடி அழைப்பவர்களும் உண்டு. முந்தைய அழைப்புகள் முடியாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். இயல்பான வரம்பான 1000ஐத் தொட்டதும் புரோகிராம் பிழையோடு விழும். அங்கே தேவை ஒரு ‘வைல்’ லூப் மட்டுமே.

அதற்காக எக்ஸிட்டே கூடாது என்பதும் மிகை. பைத்தானோடு வரும் ‘ஆர்க்பார்ஸ்’ தொகுதிகூட, கட்டளை வரியில் தவறு இருந்தால் 2 என்ற குறியீட்டோடு தானே நிறுத்திவிடுகிறது. வேலை தொடங்கும் முன்பே, பயனரிடமே நேராகச் சொல்வதால் அது பொருந்துகிறது. ஆனாலும் பைத்தான் 3.9 பதிப்பில், நிறுத்தாமல் பிழையை அழைத்தவரிடமே ஒப்படைக்கும் வசதியைச் சேர்த்தார்கள்.

ஆகவே, ஃபங்ஷன் ‘ரிட்டர்ன்’ மூலம் விடை தரட்டும். முடியாதபோது ‘ரெய்ஸ்’ மூலம் பிழையை எழுப்பட்டும். நிறுத்துவதா, தொடர்வதா என்பதை ‘மெயின்’ முடிவு செய்யட்டும். ஆசிரியர்கள் எக்ஸிட்டுக்கு முன்பே ‘ரிட்டர்ன்’, ‘ரெய்ஸ்’ இரண்டையும் கற்பித்தால், மாணவர் எழுதும் ஃபங்ஷன் அடுத்த புரோகிராமுக்கும் உதவும்.