மூடக்கூடிய ஒரு கதவு

புகலிடத் தமிழ் எழுத்தில் வீடு என்ற சொல் பெரும்பாலும் இறந்தகாலத்திலேயே வருகிறது. விட்டு வந்த வீடு, எரிந்துபோன வீடு, இராணுவம் இருந்த வீடு, விற்க மனமின்றிப் பூட்டிக் கிடக்கும் வீடு. எழுதுபவர் இப்போது எந்தக் கூரையின் கீழிருந்து எழுதுகிறார், அக்கூரைக்கு யார் வாடகை கட்டுகிறார் என்ற செய்திகள் அப்பிரதிகளில் அநேகமாக இரா. 2020 மார்ச் 23ஆம் திகதி இரவு பிரித்தானியப் பிரதமர் எல்லோரையும் வீட்டுக்குள் இருக்கும்படி பணித்தபோது, இந்த இல்லாமை ஓர் இலக்கியக் குறை மட்டுமல்ல, ஓர் அறப்பிரச்சினையும்கூட என்று எனக்குப் பட்டது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொரோனாக் காலமும் அதன் பின்வந்த ஆண்டுகளும் வீட்டைப் பற்றி இரண்டு வகையான பிரதிகளை உற்பத்தி செய்தன. ஒன்று, ஆங்கிலப் பத்திரிகைகளின் வீட்டுப் பக்கங்களிலும் வீடு விற்கும் முகவர்களின் கண்ணாடி யன்னல்களிலும் காணப்பட்டது. மற்றது, எம்மவர் எழுதிய நினைவுக் குறிப்புகளிலும் கவிதைகளிலும் வந்தது. முதலாவது எதிர்காலத்தைப் பார்த்து ஏங்கியது. இரண்டாவது இறந்தகாலத்தைப் பார்த்து ஏங்கியது. நிகழ்காலத்தில் யார் எங்கே படுத்திருந்தார்கள் என்பதை இரண்டுமே மறைத்தன.

முதலாவது பிரதியை எடுத்துக்கொள்வோம். தொற்றுநோய் மக்களின் விருப்பங்களை மாற்றிவிட்டது என்றது அது. இனி எல்லோருக்கும் தோட்டம் வேண்டும், வேலை செய்ய ஓர் அறை வேண்டும், நகரத்தை விட்டு விலகிய இடம் வேண்டும். இதில் பொய் என்று எதுவுமில்லை. ஆனால் இந்த 'மக்கள்' யார் என்ற கேள்வியைப் பிரதி எழுப்புவதேயில்லை. 2020 மே மாதம் வெளியான அரச புள்ளிவிபரத்தின்படி பிரித்தானியாவில் எட்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் சொந்தமாகவோ பொதுவாகவோ தோட்டம் இல்லை. லண்டனில் அது ஐந்துக்கு ஒன்று. இங்கிலாந்தில் வெள்ளையரோடு ஒப்பிடுகையில், வீட்டோடு ஒட்டிய வெளியிடம் எதுவும் இல்லாதிருக்கும் சாத்தியம் கறுப்பினத்தவருக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு. தோட்டத்தை விரும்பும் மனம் எல்லோருக்கும் உண்டு. விருப்பத்தைக் கொண்டுபோய்ச் சந்தையில் வைக்கும் வசதி சிலருக்கே உண்டு. பத்திரிகைகள் இரண்டாவதை அளந்துவிட்டு முதலாவதை அளந்ததாக எழுதின.

அரசும் அந்தச் சிலருக்கே கைகொடுத்தது. 2020 ஜூலை 8 முதல் இங்கிலாந்தில் ஐந்து இலட்சம் பவுண் வரையான வீட்டை வாங்குபவர் முத்திரை வரி கட்டத் தேவையில்லை என்று ஆயிற்று. இச்சலுகை முழு அளவில் 2021 ஜூன் இறுதிவரை நீடித்தது. இருக்கும் வீட்டோடு இன்னொன்றை வாங்கி வாடகைக்கு விடுபவருக்கும் வரி குறைந்தது. வாடகைக்காரரை எழுப்புவதற்குத் தடை இருந்தது உண்மை. ஆயினும் வீட்டுக்காரரோடு ஒரே கூரையின் கீழ் ஓர் அறை எடுத்து இருப்பவரை அந்தத் தடை காக்கவில்லை. டூட்டிங்கைத் தெரிந்தவர்களுக்கு இந்த விதிவிலக்கின் கனம் விளங்கும்.

டூட்டிங்கை எம்மவர் ரூட்டிங் என்றுதான் சொல்வோம். பாதாள ரயில் நிலையத்தில் இறங்கி மிச்சம் வீதியிலும் அப்பர் டூட்டிங் வீதியிலும் நடந்தால் மரவள்ளிக்கிழங்கும் கருவாடும் நகைக்கடையும் அம்மன் கோயிலும் வரும். பக்கத் தெருக்களுக்குள் திரும்பினால் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். கீழே முன்னறை, பின்னறை, குசினி. மேலே இரண்டு அறைகளும், ஒரு கட்டிலுக்கும் ஒரு மனிதனுக்கும் மட்டும் இடங்கொடுக்கும் பொக்ஸ் ரூமும். 1983க்குப் பின் வந்த எம்மில் பலர் இரவில் பெற்றோல் நிலையத்திலும் பகலில் கடையிலும் நின்று, சீட்டுப் பிடித்து, இவ்வீடுகளை வாங்கினோம். வாங்கிய அடுத்த மாதமே முன்னறை ஒருவருக்கு, பொக்ஸ் ரூம் இன்னொருவருக்கு என்று வாடகைக்குப் போயின. மோர்ட்கேஜைக் கட்டியது எங்கள் உழைப்பு மட்டுமல்ல, அந்த அறைகளில் இருந்தவர்களின் உழைப்பும்தான். அவர்களும் எம்மவர்களே, எமக்குப் பின் வந்தவர்கள்.

இந்த இடத்தில் விமர்சகன் தன்னை வெளியே நிறுத்திக்கொள்ள முடியாது. என் வீட்டின் பொக்ஸ் ரூமிலும் ஒரு பொடியன் இருந்தான். படிப்பு விசாவில் வந்து, கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். 2020 ஏப்ரலில் ஒருநாள் இரவு அவன் இருமுவது கேட்டது. என் மனைவிக்கு நீரிழிவு. வெளியில் அம்புலன்ஸ் சத்தம் ஓயாத காலம். நான் மாடிப்படியில் நின்று சொன்னேன்: "தம்பி, குறை நினையாதேயும். குசினிக்கு ஒன்பது மணிக்குப் பிறகு வாரும். இந்தக் கோப்பையையும் பிளேட்டையும் நீர் தனிய வைச்சிரும்." அவன் கதவை ஒரு விரல் அளவு திறந்து, "ஓம் அண்ணை" என்றான். அந்த நீலக் கோப்பையைச் சிங்கின் கீழே வேறாக வைத்தபோதுதான் என் கைக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன்.

நோயாளியை விலக்கி வைப்பது வைத்தியம். சாதியின் பேரால் மனிதரை விலக்கி வைப்பது அநியாயம். இரண்டையும் ஒன்றென்று சொல்லும் மடமையை நான் செய்யவில்லை. என்னைத் தொந்தரவு செய்தது வேறு. இருமல் பத்து நாளில் நின்றது. கோப்பை ஒன்றரை வருடம் சிங்கின் கீழேயே இருந்தது. எடுத்து மற்றக் கோப்பைகளோடு வைக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஒரு தேவைக்காக வந்த விலக்கு, தேவை போன பின்னும் வீட்டின் ஒழுங்காகத் தங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு அந்த ஒழுங்கு அந்நியமாகப் படவில்லை என்பதுதான் விஷயம்.

இனி இரண்டாவது பிரதிக்கு வருவோம். அந்த மாதங்களில் எம்மவர் எழுதியவற்றில் முற்றம் திரும்பத் திரும்ப வந்தது. நாற்சார் வீட்டின் நடுவில் விழும் மழை, விறாந்தையின் சாய்மனைக் கதிரை, கிணற்றடி வாழை, வழிப்போக்கரும் குந்தி இளைப்பாறும் சங்கடப்படலை. அடைபட்டுக் கிடந்தவர் காற்றை நினைப்பது இயல்பு. ஊரில் தாய் இறந்து, கட்டுநாயக்கா விமான நிலையமும் மூடிக் கிடக்க, செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில் பார்த்தவரின் ஏக்கத்தை ஏளனம் செய்யும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் ஏக்கம் ஓர் உண்மையான உணர்வு என்பதால் அது தரும் சித்திரமும் உண்மையாகிவிடாது.

அந்த நாற்சார் வீட்டின் படலைக்குள் யார் எதுவரை வரலாம் என்பதற்கு ஒரு வரைபடம் இருந்தது. முற்றம்வரை வரலாம், விறாந்தையில் ஏறக்கூடாது. கிணற்றடிக்கு வரலாம், வாளியைத் தொடக்கூடாது. தேநீர் கிடைக்கும், ஆனால் சிரட்டையிலோ கறள் பிடித்த பேணியிலோ கிடைக்கும். துடக்கு நாளில் அந்த வீட்டுப் பெண்ணுக்கே கோடிப்புறம்தான் இடம். 1960களின் பிற்பகுதியில் தேநீர்க் கடைகளிலும் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் நடந்த போராட்டங்கள் இந்த வரைபடத்திற்கு எதிராகவே நடந்தன. கே. டானியல் 'பஞ்சமர்' நாவலை 1972இல் வெளியிட்டார். அந்நாவலுக்குப் பின்னும் யாழ்ப்பாண முற்றத்தை வெறும் நிலவும் மல்லிகையுமாக எழுதுபவர் அதை மறக்கத் தீர்மானித்துவிட்டுத்தான் எழுதுகிறார் என்று கொள்ள வேண்டும். விலகி நில் என்ற கட்டளை எங்களில் பலருக்கு 2020இல்தான் புதிதாக வந்தது. எங்கள் முற்றங்களில் தலைமுறை தலைமுறையாக அதைக் கேட்டவர்கள் இருந்தார்கள்.

நோய் வீட்டை மாற்றும் என்பது டூட்டிங்கிற்குப் புதிய செய்தியுமல்ல. 1849 ஜனவரியில், வறிய பிள்ளைகளைப் பராமரிக்க ஒப்பந்தம் பெற்றிருந்த துரூவே என்பவரின் நிலையம் ஒன்று இங்கே இருந்தது. ஏறத்தாழ 1400 பிள்ளைகள் அதில் நெருக்கியடித்து வைக்கப்பட்டிருந்தனர். கொலரா பரவி நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இறந்தனர். சார்ள்ஸ் டிக்கின்ஸ் அதைக் குறித்து 'டூட்டிங்கின் சொர்க்கம்' என்று கசப்போடு தலைப்பிட்டு எழுதினார். துரூவே வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். பின்னர் 1893இலும் 1899இலும் லண்டனின் தொற்றுநோயாளரை வைப்பதற்கென இரண்டு காய்ச்சல் வைத்தியசாலைகள் இங்கே திறக்கப்பட்டன. இன்றைய சென் ஜோர்ஜ்ஸ் வைத்தியசாலை நிற்பது அந்த நிலத்திலேதான். 1903 முதல் 1911 வரை லண்டன் கவுண்டி கவுன்சில் டொட்டர்டவுன் பீல்ட்ஸில் தொழிலாளருக்கென முன்னும் பின்னும் சிறு தோட்டத்தோடு வீடுகளைக் கட்டியது. நகர நெரிசலிலிருந்து மக்களை ட்ராம் வண்டியேற்றி நல்ல காற்றுக்குக் கொண்டுவரும் திட்டம் அது. அங்கும் ஒழுங்காக வாடகை கட்டக்கூடியவருக்கே கதவு திறந்தது. ஆக வறியவர்கள் பழைய இடத்திலேயே நின்றனர்.

1872இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதிய ஏங்கல்ஸ் இதன் விதியைச் சுட்டிக்காட்டினார். வறியவர் பகுதியின் நோய் வசதி படைத்தவர் பகுதிக்கும் வரும் என்று தெரிந்த பிறகே மேல்தட்டினருக்கு நல்ல வீட்டைப் பற்றிய அக்கறை பிறக்கிறது என்பது அவர் வாதம். சேரி ஒழிக்கப்படுவதில்லை, இடம் மாற்றப்படுகிறது என்றும் சொன்னார். இம்முறையும் சில விதிகள் வந்தன. கந்தோர்க் கட்டடங்களை மாற்றிச் செய்யும் குடியிருப்புகளும் 2021 ஏப்ரல் முதல் குறைந்தபட்ச இட அளவுக்கு அமைய வேண்டும் என்று சட்டம் சொன்னது. அதே ஆண்டின் லண்டன் திட்டம், ஓரிருவர் வாழும் புதிய வீட்டுக்கும் ஐந்து சதுர மீற்றர் வெளியிடம் வேண்டும் என்றது. இவை நல்லவை. ஆனால் இவை இனிக் கட்டப்போகும் வீடுகளுக்கானவை. உரிமம் பெறவேண்டிய பகிர்வு வீடுகளில் வளர்ந்த ஒருவர் தனியே படுக்கும் அறை 6.51 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது என்ற விதி 2018இலேயே வந்துவிட்டது. என் போன்றவர்களின் வீட்டில் ஒரு தனியாள் இருந்தால் அந்த விதியும் எட்டிப் பார்ப்பதில்லை. பொக்ஸ் ரூமை நான் அளந்து பார்த்தேன். அளவை இங்கே எழுத வெட்கமாயிருக்கிறது.

இரண்டு பிரதிகளும் பேசாத இன்னொருவர் பெண். வேர்ஜீனியா வுல்ஃப் தனியறையைப் பற்றி உரையாற்றியது 1928இல். எம் வீட்டுப் பெண்கள் பலருக்குத் தனியறையாக இருந்தது வேலைக்குப் போகும் பஸ்ஸின் யன்னலோர இருக்கை. முடக்கத்தில் அதுவும் போயிற்று. கணவன், பிள்ளைகள், மாமியார், வாடகைக்காரர் எல்லோரும் நாள் முழுதும் வீட்டிலிருக்க, மூன்று வேளைக்கும் குசினியில் நின்றவருக்கு வீடு பெருத்ததா சிறுத்ததா? என் மனைவியிடம் இனி எப்படி ஒரு வீடு வேண்டும் என்று கேட்டேன். "எனக்குத் தோட்டம் வேண்டாம். உள்ளுக்குப் பூட்டக்கூடிய ஒரு கதவு காணும்" என்றார். முற்றத்தைப் பற்றிய அத்தனை கவிதைகளிலும் இவ்வளவு தெளிவான வாசகத்தை நான் காணவில்லை.

ஒருகாலத்தில் எம் இலக்கியம் இதை அறிந்திருந்தது. எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் வந்த புகலிடக் கதைகளில் 'ரூம்' ஒரு முக்கிய பாத்திரம். ஒரே மெத்தையில் இரவு வேலைக்காரனும் பகல் வேலைக்காரனும் முறைவைத்துப் படுத்தது, சமையல் முறைக்காகச் சண்டைபிடித்தது, ஒருவனுக்கு வந்த கடிதத்தை எல்லோரும் வாசித்தது எல்லாம் எழுதப்பட்டன. கலையழகு குறைந்த கதைகள் அவற்றில் பல. ஆயினும் எழுதியவர் இருந்த இடத்திலிருந்தே எழுதினார். பிறகு நாங்கள் வீடு வாங்கினோம். ரூம் எங்கள் எழுத்திலிருந்து மறைந்தது, எங்கள் வீட்டிலிருந்து மறையவில்லை. அதற்குள் வேறொருவர் வந்துவிட்டார். வாடகை வாங்குபவராக மாறிய எழுத்தாளர், தான் இழந்த முற்றத்தை மட்டும் எழுதத் தொடங்கினார். இழந்தவர் என்ற பாத்திரம் வசதியானது. கொடுக்காதவர் என்ற பாத்திரத்தை யாரும் விரும்பி ஏற்பதில்லை.

தொற்றுநோய் மக்களின் விருப்பத்தை மாற்றியது என்பதைவிட, யாருடைய விருப்பம் கணக்கில் எடுக்கப்படுகிறது என்பதை வெளிச்சமாக்கியது என்பதே சரி. காற்று, வெளிச்சம், பூட்டக்கூடிய கதவு, எல்லோருடைய கோப்பைகளோடும் சேர்ந்திருக்கும் ஒரு கோப்பை ஆகியவை புதிய தேவைகள் அல்ல. கேட்க நாவில்லாதிருந்தவர்களின் பழைய தேவைகள்.

அந்தப் பொடியன் 2021 இறுதியில் வேறிடம் போனான். திறப்பைக் கையில் தரும்போது "நல்லாப் பாத்தீங்கள் அண்ணை" என்றான். மரியாதைக்குச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். அவன் எழுதுபவனா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எழுதுவானாகில் அந்த அறையைப் பற்றித்தான் எழுத வேண்டும். அக்கதையில் நான் எப்படி வருவேன் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அது இந்தப் பக்கங்களில் வரவேண்டும்.